துஞ்சினார் நினைவில் அணி தெரிதல்

போளூர்ப் பகுதிக் கல்வெட்டுக்களைக் காணும் பொருட்டுச் சென்ற ஆண்டு ஆரணியில் சில நாள் தங்க நேர்ந்தது. யாம் தங்கிய இல்லம் பட்டு நெசவாளர் ஒருவருடையது. அவ்வில்லத்தின் தலைவியார் இறந்து ஓராண்டு நிறையவில்லை. அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் விலை பெறுவது கல் இழைத்த அட்டிகை ஒன்றே. பாவு சுற்றியும் நூல் இழைத்தும் பல்லாண்டு சேர்த்த கூலியில் அவர் தாமே வாங்கியது அது. மகளிர் மூவர். அட்டிகையை அழித்து மூன்று மோதிரங்களாகச் செய்து ஆளுக்கொன்று அணிவோம் என்பது இளையவர் இருவர் கருத்து. அன்னையின் கழுத்திற் கிடந்த அணியை உருக்குவது அவரையே இரண்டாம் முறை எரிப்பதாகும் என்பது மூத்தவர் கருத்து. மூத்தவரும் இளையவரும் பேச்சற்றிருந்தனர். ஒரு நாள் மாலை முதியவர் எம்மை நோக்கி, "கல்வெட்டெல்லாம் படிக்கிறீர்களே ஐயா, இந்த மாதிரி இடத்தில் முன்னோர் என்ன செய்தார்கள் என்று அதில் ஏதும் இருக்கிறதா?" என்று வினவினார். உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவின் பயனாக எழுந்ததே இக்கட்டுரை.

இறந்தாரை நினைந்து இருப்போர் அணி பூணும் வழக்கம் மேலை நாட்டில் நன்கு வேரூன்றியது. நாடகப் பேராசிரியர் சேக்சுபியர் 1616-ஆம் ஆண்டின் உயிலில், தம்முடன் நடித்த தோழர் மூவர்க்கு மோதிரம் வாங்கிக்கொள்ளத் தலைக்கு 26 சில்லிங்கு 8 பென்சு ஒதுக்கினார். விக்டோரியா அரசியார் தம் கணவர் ஆல்பர்ட்டு 1861-இல் இறந்தபின் தாம் இறந்த 1901 வரை கருநிற உடையினின்றும் மாறவேயில்லை. விட்பி என்னும் கடற்கரை ஊரில் எடுக்கப்பெறும், நெடுங்காலம் மண்ணுட் கிடந்து இறுகிய மரமாகிய கரும்பொருளால் இயன்ற அணிகள் அவர் காலத்திற் பெருவழக்காயின. இறந்தாரது தலைமயிரைச் சிறு பொற்பேழையுள் வைத்துக் கழுத்தில் அணிதலும் உண்டு. மயிரைத் தீட்டெனக் கருதும் நம்மனோர்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

தமிழர் வழக்கம் இதற்கு நேர் மாறாயிற்று. துயரின் அடையாளம் நம்மிடத்து அணி பூணுதல் அன்று, அணி களைதலே. கணவனை இழந்த மகளிர் வளை கழித்தமையைப் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்கள் பலபடக் கூறுகின்றன. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய பாட்டோ, ஊரில் ஒருவரும் பூச்சூடாமையையே பொருளாகக் கொண்டது. மதுரையினின்றும் நீங்குங்கால் கண்ணகி கொற்றவை கோயில் வாயிலில் தன் பொன்வளையை உடைத்துச் சென்றமையைச் சிலப்பதிகாரம் உரைக்கின்றது. ஆகவே, இறந்தார் பொருட்டு ஓர் அணியைத் தெரிந்து உடலிற் பூணுதற்குப் பழந்தமிழ் வாழ்வில் இடம் அரிது. எனினும் அன்பு வழி தேடாது இராது. உயிருள்ளார் உடலில் இடம் பெறாத அணி வேறு எங்குச் சென்றது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

அது முதற்கண் கல்லுக்குச் சென்றது. போரிற் பட்டோர்க்குக் கல் நிறுத்தும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அறுவகைப்படுத்தும். இவற்றுள் முதலாவதாகிய காட்சி என்பது தகுந்த கல்லைத் தேடிக் கண்டு தெரிதலாம். நினைவுப் பொருளைத் தெரிந்தெடுத்தலே ஒரு சடங்காக, அதுவும் முதற் சடங்காக, எண்ணப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டியும் மாலை அணிந்தும் வழிபட்டமையைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். ஆரணி அடங்கிய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதி இத்தகைய நடுகற்கள் நிறைந்தது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு அவனுடைய நாயையும் கோவிவன் எனப் பெயர் சுட்டிப் போற்றுகின்றது. பேரரசர் பலர்க்கும் கிட்டாத பேறு அந்நாய்க்குக் கிட்டிற்று.

அடுத்து அது திருமேனிக்குச் சென்றது. இதற்குத் தலைசிறந்த சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. அதற்குரிய பெயரோ ஆரணிக்கு அருகிலேயே உள்ளது. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலை என்னும் குன்றில் குந்தவை சினாலயம் என்றொரு சமணப் பள்ளி உண்டு. முதல் இராசேந்திரனது கங்கைப் படையெடுப்பைக் கூறும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தி அக்குன்றின் பாறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை அப்பள்ளிக்கு விளக்கெரிக்கப் பொருள் அளித்த செய்தியும் அங்கேயே வருகின்றது. இப்பெயருக்குரியவர் இராசராசனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியாரே என்பது அறிஞர் துணிபு.

குந்தவையாரின் பெற்றோர் சுந்தர சோழரும் வானவன்மாதேவியாரும் ஆவர். சுந்தர சோழர் காஞ்சியிலிருந்த பொன்மாளிகையில் இறந்தமையின் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப் பெற்றார். வானவன்மாதேவியார் பால் மறவாக் குழவியை விட்டுக் கணவருடன் தீப்புக்கார் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. தந்தையையும் தாயையும் ஒருங்கே இழந்த அம்மகளார் அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வாழ்ந்து, தம் முதுமையில், தம்பி எடுத்த பெருங்கோயிலில் அவ்விருவர்க்கும் திருமேனி எழுந்தருளுவித்தார். கல்வெட்டு ஒன்றைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்றும், மற்றொன்றைத் தம் அம்மை என்னும் பொருள்பட 'தம்மை' என்றும் குறிக்கின்றது. அரசிக்கு உரிய பட்டப் பெயர்கள் யாவும் இருக்க, அவற்றை விடுத்துத் தாய் என்ற உறவுமுறையே கல்லில் ஏறிய இவ்விடத்தைப் படிக்குந்தோறும் எமக்கு நெஞ்சு நெகிழும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். கோயிலில் ஒருவர்க்குப் படிமம் எடுத்தமை கொண்டே அவர் இறந்தார் எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. அதே கோயிலில் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் பெரிய பெருமாளுக்கும் உலகமாதேவியாருக்கும், அஃதாவது இராசராசனுக்கும் அவன் தேவிக்கும், அவ்வரசன் காலத்திலேயே படிமம் அமைத்துள்ளான். ஆயின் 'துஞ்சின' என்னும் அடைமொழி குந்தவையார் செயலில் ஐயத்துக்கு இடம் வையாது. மேலும் துஞ்சிய அரசர்க்குக் கோயில் வழி நினைவு செய்தல் அக்குடியின் மரபு. ஆற்றூர்த் துஞ்சின தேவராகிய தம் பாட்டனார் அரிஞ்சயர்க்கு இராசராசன் எடுத்த பள்ளிப்படை, இதே வடபுலத்தில் பொன்னையாற்றங்கரை மேற்பாடியில் இன்றும் நிற்கின்றது. இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறையை அடுத்துப் பள்ளிப்படை எடுத்தான். செம்பியன்மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் திருநல்லத்துக் கோயிலைக் கல்லால் அமைத்து, அவர் இறைவனை வழிபடும் கோலத்தையும் அங்குச் செதுக்குவித்தார்.

இனி அணிகளைக் காண்போம். தாமும், தம் அக்கனும், தம் தேவியரும், பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என இராசராசன் தனது 26-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். தேவியரினும் தமக்கையை முன் வைத்தமை பலரும் எடுத்துக்காட்டிய செய்தி. அவ்வாணைப்படி, குந்தவையார் 29-ஆம் ஆண்டு வரை கொடுத்தவை தனியே பொறிக்கப்பட்டன. பெற்றோர் திருமேனிகளோடு, தக்ஷிணமேரு விடங்கர், தஞ்சை விடங்கர் ஆகியோர்க்கு நம்பிராட்டியாராக உமாபரமேசுவரித் திருமேனிகளும் அவரால் எழுந்தருளுவிக்கப்பட்டவை. இத்தேவியர்க்கு அவர் சார்த்திய அணிகளின் பட்டியலைப் படிப்பவர் முதலில் அயர்வர். பின்னரே அதன் அருமை புலப்படும்.

பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பது இக்காலத்து ஏறத்தாழ 5 கிராம் எனலாம். குன்றி அளவும் விடாது நிறை குறித்ததோடு அமையாது, ஒவ்வோர் அணியிலும் உள்ள மணிகளின் எண்ணிக்கையும் காசு அளவிலான விலையும் தரப்படுகின்றன. முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் வகுக்கின்றன. உருண்ட முத்து மட்டுமே ஏற்றது என்று ஒதுக்காமல், கறடும் இரட்டையும் தட்டையும் அவ்வவற்றின் பெயரோடு இடம் பெற்றன என்பதை நோக்குக. இழைப்பிற் சேர்ந்த அரக்கின் நிறை உட்பட்டதா, கோத்த சரடு நீங்கலாகவா என்பதும் சொல்லப்படுகின்றது. இக்காலத்து நகைக்கடைச் சீட்டு இத்துணை நேர்மை உடையது என்று கூற யாம் துணியோம்.

இவ்வணிகள் யாண்டு உள? அவற்றுள் ஒன்றேனும் இன்று காண்பதற்கில்லை. படையெடுப்பும் வறுமையும் களவும் காலமும் அவற்றைக் கொண்டன. எஞ்சியது கணக்கு மட்டுமே. 1891 முதலாக அறிஞர் ஊல்சு தஞ்சைக் கல்வெட்டுக்களை அச்சிட்டு வெளிப்படுத்திய பின், ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண்மணி எவ்வெம் முத்துக்களைத் தேர்ந்தார் என்பதை நாம் வீட்டிலிருந்தே எண்ணிப் பார்க்க இயல்கின்றது. பொன் அழிந்தும் அது தெரிந்தெடுக்கப்பட்ட செய்தி அழியவில்லை.

அணியின் தன்மை அதன் உள்ளீட்டைப் பற்றிய அறிவினாலேயே நிலைபெறும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று. கண்ணகியின் சிலம்பு மாணிக்கப் பரலும், கோப்பெருந்தேவியின் சிலம்பு முத்துப் பரலும் உடையன. புறத்தே ஒத்த இரண்டினையும் வேறுபடுத்தியது அகத்தே இருந்ததே. அதை அறிய ஒன்றை உடைக்க வேண்டியதாயிற்று. பாண்டியன் அரண்மனையில் இராசராசன் கோயிலிற் போன்று அணிக்கணக்கு ஒன்று இருந்து, அதை ஒருவர் எடுத்துப் பார்த்திருப்பின், கோவலன் உயிர் பிழைத்திருப்பான். காப்பியம் பிறந்திராது என்பது வேறு.

பழையதை அழித்துப் புதுக்கலாமோ என்பது ஆரணி மகளிரின் வினாவிற்கு உயிராயது. இதற்கும் கல்வெட்டில் விடை உண்டு. முற்கூறிய திருமலையில், எழினி என்னும் முன்னோன் அமைத்த இயக்கன் இயக்கி உருவங்களை அவன் வழித்தோன்றலாகிய விடுகாதழகிய பெருமாள் பிற்காலத்திற் செப்பம் செய்து, தன் பெயரோடு எழினியின் பெயரையும் பொறித்தான். திருக்கோடிகாவில் செம்பியன்மாதேவியார் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த முன்னைக் கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். பழைய கட்டடம் போயிற்று. கொடுத்தோர் பெயரும் கொடையும் போகவில்லை. உருவை மாற்றுதலை நம் முன்னோர் குற்றமாகக் கருதவில்லை என்றும், கணக்கை விட்டு உருவை மாற்றுதலையே குற்றமாகக் கருதினர் என்றும் கொள்ளுதல் பொருந்தும்.

நெசவூர்க்கு இக்கருத்துப் புதிதன்று. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றுவதே நற்சரிகை. புடவை நைந்தபின் சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதும், அதை விலைக்கு வாங்குவோர் தெருவில் வருவதும் அங்கு யாவரும் அறிந்தவை. கூறைப்புடவை ஒன்று முடிவில் வெள்ளிக் குண்டுமணியாய் நிற்கும். அதனை நெய்தவர்க்கு அதில் இழிவு ஏதும் தோன்றுவதில்லை என்பதை அம்முதியவரே எமக்குக் கூறினார்.

குந்தவையாரைப் பற்றி யாம் அறிந்ததை மறுநாள் அவர்க்கு எடுத்துரைத்தோம். மூத்த மகளார் கதவருகே நின்று கேட்டிருந்தார். கறடும் இரட்டையும் பெயரோடு எழுதப்பட்டன என்ற இடத்தில், அதை மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு வேண்டினார்; வேறொன்றும் பேசவில்லை.

மூன்று திங்கள் கழித்து யாம் மீண்டும் அவ்வூர்க்குச் சென்றபோது மூவர் விரலிலும் மோதிரம் இருந்தது. முதியவர் தம் பாவுக் கணக்கு எழுதும் நோட்டினைக் கொணர்ந்து விரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் மூத்த மகளாரின் கையெழுத்தில், அம்மாவின் அட்டிகை என்று தலைப்பிட்டு, அழிப்பதற்கு முன்னிருந்த நிறை, அரக்கு நீக்கிய நிறை, சிவப்புக் கற்கள் இத்தனை, வெள்ளைக் கற்கள் இத்தனை, உதிர்ந்து போன கல் ஒன்று, வாங்கிய ஆண்டு, அவ்வாண்டில் ஒரு புடவைக்குக் கிடைத்த கூலி ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன.