தென்னாப்பிரிக்கப் போர்ச்சின்னங்களும் தமிழர் தோள்களும்

கோயிற் கல்வெட்டையும் பழங்காசையும் போற்றும் நாம், படைவீரர் தொப்பியிலும் மார்பிலும் அணிந்த சின்னங்களை வரலாற்றுச் சான்றுகளாக எண்ணுவதில்லை. புகைவண்டி நிலையத்திற் சுமை தூக்கும் தோழரின் புயத்திலுள்ள பித்தளை வில்லை அவருடைய எண்ணையும் உரிமையையும் அறிவிப்பதை அன்றாடம் காண்கின்றோம். அதுபோன்றே படைச்சின்னமும் அணிந்தவர் யார், எக்காலத்தவர் என்பதை அறிவிக்கும். தென்னாப்பிரிக்கச் சின்னங்களின் வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு. ஆதலின் அதனை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையிற் கப்பலேறியவர். தமிழரும் தெலுங்கருமே மிகுதி. ஒப்பந்தக் கூலிகளுக்கு எண் பொறித்த தகரவில்லை ஒன்றைக் கழுத்திற் கட்டுவது அக்கால வழக்கம். கடல் கடந்த ஏழை அணிந்த முதற்சின்னம் அதுவே எனலாம்.

1899 அக்டோபரில் ஆங்கிலேயர்க்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. காந்தியடிகள் நேட்டாலில் இந்தியர் மருத்துவ உதவிப் படையை அமைத்தார். சுமார் 1,100 பேர் கொண்ட அப்படையில் ஏறத்தாழ 300 பேர் ஒப்பந்தத்திற் கட்டுப்படாதவர். ஏனையோர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர். துப்பாக்கி ஏந்தவில்லை, வாள் ஏந்தவில்லை, அவர்கள் ஏந்தியது டோலி. செஞ்சிலுவைச் சின்னமே அவர்களுடைய அடையாளம். கொலென்சோ, ஸ்பியன் கோப் முதலிய களங்களிற் காயமுற்ற வீரர்களைத் தோளிற் சுமந்து, நாளொன்றுக்கு 20, 25 மைல் நடந்தனர். ஸ்பியன் கோப்பில் குண்டு பாயும் எல்லைக்குள்ளேயும் சென்று பணி புரிந்தனர்.

போர் முடிந்தபின் அப்படையின் தலைவர்களுக்குத் தென்னாப்பிரிக்கப் போர்ப்பதக்கம் வழங்கப்பெற்றது. தலைவர்களோ நாற்பதின்மர் அளவினரே. டோலி சுமந்த எண்ணூற்றுவர் மீண்டும் கரும்புத் தோட்டம் புகுந்தனர். ஒப்பந்தம் முடிந்து அந்நாட்டிலேயே தங்க விரும்பினோர் ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்ற கொடிய சட்டமும் நீங்கவில்லை. 1913-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின்னரே, 1914-இல் அவ்வரி ஒழிந்தது. அப்போராட்டத்திற் சிறை சென்று நோயுற்று உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை எந்தப் பதக்கமும் அணிந்தவரல்லர்.

1906-இல் நேட்டாலில் ஜூலு மக்கள் எழுச்சி நேர்ந்தபோது காந்தியடிகள் மற்றொரு சிறு டோலிப்படை அமைத்தார். அதில் நால்வர் குஜராத்தியர், ஒருவர் பதானியர். ஏனையோர் ஒப்பந்தத் தொழிலாளராயிருந்த தென்னிந்தியரே. வெள்ளையர் தீண்ட மறுத்த ஜூலு மக்களின் புண்களைக் கழுவி மருந்திட்டவை இவர்கள் கைகள். இதற்கும் காந்தியடிகள் பதக்கம் பெற்றார். 1920 ஆகஸ்டில் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, கெய்சர்-இ-ஹிந்த் பொற்பதக்கத்துடன் இவ்விரு போர்ப்பதக்கங்களையும் வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். நம் பம்பாயின் மணிபவனம் அவருடைய இருப்பிடமாயிருந்த காலம் அது.

சின்னங்களை அறியும் முறை

போயர் போர்ப்பதக்கம் பெரும்பாலும் வெள்ளியாலானது. ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலை. மறுபுறம் கொடியும் மாலையும் ஏந்திய பிரிட்டானியா. முதலிற் செய்தவற்றில் 1899–1900 என ஆண்டுகள் பொறித்தனர். போர் 1902 வரை நீளவே அவ்வெண்களை அழித்தனர். சில பதக்கங்களில் அழித்த தடத்தை இன்றும் மங்கலாய்க் காணலாம். பெற்றவரின் பெயர் பதக்கத்தின் விளிம்பில் இருக்கும். 1906 பதக்கத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம் உண்டு.

தொப்பிச் சின்னங்களிற் காலத்தை அறியக் கிரீடத்தை நோக்குக. வளைவின் உச்சி தாழ்ந்திருப்பின் அரசி காலம். உயர்ந்து வளைந்திருப்பின் 1901-க்குப் பிற்பட்ட மன்னர் காலம். 1961-இல் அந்நாடு குடியரசானபின் கிரீடமே மறைந்தது. ஸ்பிரிங்பாக் மானின் தலையும், ஒற்றுமையே வலிமை என ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலும் பொறித்த வாசகமும் காணின் அது முதல் உலகப்போரின் தென்னாப்பிரிக்கக் காலாட்படை என்க. பிரிட்டிஷ் தொப்பிச் சின்னங்களிற் பலவற்றின் பின்புறத்தில் செருகுதகடு இருக்கும். தென்னாப்பிரிக்கச் சின்னங்களிற் பெரும்பாலும் இரு வளையங்கள் இருக்கும். அச்சில் அடித்த சின்னத்தின் கோடுகள் கூர்மையாயிருக்கும். வார்த்த போலியிற் கோடுகள் மழுங்கிச் சிறு குழிகள் தோன்றும்.

சான்பாடாவிலிருந்து துறைமுகத் தடத்தில் ஏறிச் சாண்டர்ஸ்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் சோர் பஜார் அண்மையிலேயே உளது. அங்கே பழம்பொருள் வாங்குவோர் இவற்றை மனத்திற் கொள்க. வீட்டிற் பாட்டனார் வைத்துச் சென்ற வில்லை எதுவாயினும் புளியிட்டுத் துலக்கற்க, எடைக்குப் போடற்க. விளிம்பிலுள்ள பெயர் தேய்ந்தால் அம்மனிதனின் சான்றும் தேய்ந்தொழியும்.

பதக்கம் பெற்ற தலைவர்களின் பெயர்கள் ஏடேறின. டோலி சுமந்தோர்க்கோ கப்பற் பட்டியலே கல்வெட்டு. நேட்டால் சென்றவரின் பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா யாவும் எண்ணுடன் பதிந்த அப்பட்டியல்கள் டர்பனிற் காக்கப்பெற்றுள்ளன. பிழைப்பு நாடிப் பிறமாநிலம் வந்த நாம், அவருள் ஒருவர் பெயரையேனும் நம் மக்களுக்குச் சொல்லி வைத்தல் கடன். வாழிய அத்தோள்கள்!