மணிகளில் கோத்த கணக்கு

ஒரு கன மீட்டரில் எத்தனை கன சென்டிமீட்டர்கள் அடங்கும்? விடையை மனத்துக்குள் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்வி இது. "நூறு" என்று சொல்பவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். சரியான விடை 10,00,000. நூறு என்று சொன்ன மாணவனுக்குக் கணக்கே வராது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு எண்களின் கூடுதலைக் கனப்படுத்தும் சூத்திரத்தைக் கேட்டால் அவன் தடங்கலின்றி ஒப்பிப்பான். சூத்திரம் அவனுக்குத் தெரியும். கனம் என்பது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது.

ஒன்பது, பத்து வயதில் கைக்கு எட்டியிருக்க வேண்டிய அந்த அறிவை எப்படி ஊட்டுவது என்று வாழ்நாள் முழுவதும் சிந்தித்த ஒருவர், போர்க்காலத்தில் நம் கொடைக்கானலிலேயே இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார். அவர்தான் மரியா மாண்டிசோரி. அவர் பெயரைக் கேட்டதும் மழலையர் பள்ளிதான் நம் நினைவுக்கு வருகிறது. அது பாதிக் கதையே.

மாண்டிசோரி 1870இல் இத்தாலியில் பிறந்தவர்; 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பழகியபோது, பிரெஞ்சு மருத்துவர்களான இதார், செகன் ஆகியோரின் நூல்களைப் படித்தார். சொல்லிக் கொடுத்துப் புரியாதது தொட்டுப் பார்த்தால் புரியும் என்பது அவர்கள் கண்ட வழி. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளின் கல்வி பற்றி 1916இல் நூல் எழுதினார். கணிதத்துக்கென்றே ஒரு தனி நூல் 1934இல் பார்சிலோனாவில் வெளிவந்தது.

அவருடைய கணிதக் கருவிகளில் புகழ் பெற்றவை பொன்னிற மணிகள். ஒரு மணி என்பது ஒன்று. பத்து மணிகளைக் கம்பியில் கோத்தால் ஒரு பத்து. பத்துக் கம்பிகளை அடுக்கிக் கட்டினால் நூறு. அது ஒரு சதுரம். பத்துச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆயிரம். அது ஒரு கனசதுரம். காகிதத்தில் 1, 10, 100, 1000 என்று எழுதும்போது ஒவ்வொரு சுழியாகத்தான் கூடுகிறது. கையில் எடுக்கும்போதோ, ஒன்று விரல் நுனியில் நிற்கிறது. ஆயிரத்துக்கு இரு கைகளும் வேண்டியிருக்கின்றன.

சிறு குழந்தை இதைக் கொண்டு இடமதிப்பைக் கற்கும். வளர்ந்த குழந்தைக்கும் இங்கே வேலை உண்டு. நம் பள்ளிகளில் வர்க்கமூலம் காணும் முறையை நினைத்துப் பாருங்கள். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரி, முதல் ஈவைக் கண்டுபிடி, அதை இரட்டித்துக்கொள் என்பார்கள். ஏன் இரட்டிக்க வேண்டும்? நான் படித்த காலத்தில் இதைக் கேட்டவன் பெஞ்சின்மேல் ஏற வேண்டியிருந்தது.

529இன் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து நூறுச் சதுரங்கள், இரண்டு பத்துக் கம்பிகள், ஒன்பது மணிகள். இவை அனைத்தையும் கொண்டு ஒரே பெரிய சதுரம் அமைக்க வேண்டும். நான்கு நூறுகளை இரண்டுக்கு இரண்டாக வைத்தால், பக்கத்துக்கு 20 மணி உள்ள சதுரம் கிடைக்கிறது. மிஞ்சிய நூறைப் பத்துக் கம்பிகளாக மாற்றினால், முன்னர் இருந்த இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டு கம்பிகள். இவற்றை ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் சதுரம் நீள்சதுரமாகிவிடும். ஆகவே வலப்புறம் ஆறு, கீழ்ப்புறம் ஆறு. ஒவ்வொரு புறமும் 20 நீளம், 3 அகலம். மூலையில் ஒரு சிறு குழி தெரிகிறது. அதில் மீதி ஒன்பது மணிகளும் மூன்றுக்கு மூன்றாகச் சரியாகப் பொருந்துகின்றன. பக்கம் 23. இரட்டிப்பது ஏன் என்பதற்கு விடையும் கிடைத்துவிட்டது: சதுரம் வளர வேண்டுமானால் இரண்டு பக்கமும் வளர வேண்டும்!

இதையே கனத்துக்கு நீட்டியதுதான் அவருடைய வண்ணக் கட்டைப் பெட்டி. ப, ம என்னும் இரு நீளங்களைக் கொண்டு வெட்டிய எட்டு மரத்துண்டுகள் அதில் இருக்கும். ப பக்கமுள்ள கனசதுரம் ஒன்று, ம பக்கமுள்ளது ஒன்று, ப²ம அளவில் மூன்று, பம² அளவில் மூன்று. நான்கு வயதுக் குழந்தைக்கு அது வெறும் புதிர். துண்டுகளை அடுக்கிப் பெட்டியை மூடினால் போதும். அதே பெட்டியைப் பத்து வயதில் மறுபடி திறந்து, துண்டுகளுக்குப் பெயர் சூட்டினால் (ப + ம)³ இன் விரிவு வெளிப்படுகிறது. அந்த "மூன்று" எங்கிருந்து வந்தது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் அவர் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பிரிட்டிஷ் அரசின் பார்வையில் பகைநாட்டுக் குடிமக்கள் ஆயினர். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றார்கள். அவருடைய எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி மரியோ விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் இருந்தனர். அங்கே இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவின் துணையோடு, பல வயதுக் குழந்தைகள் கூடிப் படித்த ஒரு சிறு பள்ளி நடந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான கல்வியை மாண்டிசோரி விரிவாக வகுத்ததில் அந்த மலைவாசத்துக்குப் பெரும் பங்குண்டு. நாமோ அவரிடமிருந்து மழலையர் வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பின்னர் வேறு பலரும் இவ்வழியில் வந்தனர். பெல்ஜிய ஆசிரியர் குய்சனேரின் வண்ணக் குச்சிகள் பற்றிய நூல் 1952இல் வெளிவந்தது. ஹங்கேரியில் பிறந்த சோல்த்தான் டீனஸ் மரக்கட்டைகளைப் பரப்பினார். எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்.

வாய்பாடே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் நிற்காதவன் மணிகளை எண்ணியே களைத்துப்போவான். மாண்டிசோரியும் மணிகளைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. "மணி வேண்டாம், தாளிலேயே போடுகிறேன்" என்று குழந்தை தானே சொல்லும்வரைதான் மணி. ஆனால் ஒரு பள்ளியில் அந்த மணிப்பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்ததைக் கண்டேன். தொலைந்துவிடுமாம்! பெற்றோர் வந்தால் காட்டுவதற்கு வைத்திருக்கிறார்கள்.

விலைகொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வரைபடத் தாளை அட்டையில் ஒட்டி, நூறு கட்டமுள்ள சதுரங்களாகவும் பத்துக் கட்டமுள்ள பட்டைகளாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். ஒற்றைக்குப் புளியங்கொட்டை போதும். 529ஐ முடித்ததும் 676ஐ முயலுங்கள். அதில் நூறு மட்டுமன்றிப் பத்தையும் உடைக்க வேண்டிவரும்.

என் வகுப்பில் இப்போது அந்தக் கன மீட்டர் கேள்விக்கு நான் விடை சொல்வதில்லை. பன்னிரண்டு மீட்டர் அளவுகோல்களைக் கொடுத்து, மூலைகளைக் கயிற்றால் கட்டி ஒரு கூண்டு செய்யச் சொல்கிறேன். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மரத்துண்டு ஒன்றை அதன் மூலையில் வைக்கிறேன். சென்ற ஆண்டு, நூறு என்று சொன்ன மாணவன் கூண்டுக்குள் குனிந்து புகுந்து உட்கார்ந்துகொண்டான். சற்று நேரம் அந்தத் துண்டையே பார்த்துவிட்டு, "சார், அடிவரிசையில் ஒரு ஓரத்துக்கே நூறு போயிடுமே" என்றான்.