சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழைய பேச்சு உண்டு. ‘தாத்தா என்ன ஆனார்?’ என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், ‘சயாமுக்குப் போனாரு, வரலை’ என்று பதில் வரும். செத்துப் போனார் என்று சொல்லமாட்டார்கள். செத்ததைப் பார்த்தவர் இல்லை, சேதி சொன்னவரும் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிவும் வரவில்லை.

பினாங்கில் இறங்கிய எத்தனையோ குடும்பங்களின் கதை இது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்களுக்கு மலாயாவின் வாசல் பினாங்குத் துறைமுகம்தான். வந்தவர்கள் ஜெரஜா தீவில் தடுப்புக் காவலில் தங்க வைக்கப்பட்டு, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கூலி போட வேண்டும் என்பதால், தோட்டத்துச் செக்ரோலில் ஒவ்வொருவர் பெயரும் ஏறியது. வெள்ளைக்காரன் தன் லாபத்துக்காகவே கணக்கு வைத்தான் என்றாலும், பெயர் என்ற ஒன்று இருந்தது.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில நாட்களில் தீவு ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த காலம் அது.

மூன்று மாத வேலை

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானிய ராணுவம் முடிவு செய்தது. வேலை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகள் மட்டும் போதாமல், 1943-இல் மலாயாத் தோட்டங்களில் ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் குறைந்ததும் கள்ளுக்கடையிலும் சினிமாக் கொட்டகையிலும் வளைத்துப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். பிடிபட்டவர் வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூட வழியில்லை.

சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு, பாடாங் பெசார் வழியாக நாட்கணக்கில் பயணம். பான் போங்கில் இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். குழியில் தள்ளி மூடினார்கள், அல்லது எரித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர், பெரும்பாலும் தமிழர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே கணக்கு இன்றுவரை கிடையாது.

அதே பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளும் இறந்தார்கள். ஆனால் முகாம்களிலேயே அவர்களுடைய அதிகாரிகள் இறப்புக் குறிப்புகளை ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு தேடல் குழு பாதை நெடுகச் சென்றது. 10,549 கல்லறைகளில் 52 தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் மகள் வந்து, தந்தையின் பெயரைத் தொட்டு அழுதுவிட்டுப் போக முடியும். தோட்டத்து மகளுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை.

எந்த நாளில் திதி?

அவள் தாய் பட்ட துயரம் இன்னும் கொடியது. தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? கருமாதி செய்தால், உயிரோடு இருப்பவருக்குச் செய்த பாவம் ஆகாதா? இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கலாம் என்ற வழக்கம் உண்டு. இறந்தாரா என்பதே தெரியாதவருக்கு எந்த வழக்கமும் வழி சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிச் சேதி இல்லாவிட்டால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. சொத்து விவகாரத்துக்கு அது போதும். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனசுக்கு ஏழு ஆண்டுக் கணக்கு செல்லாது.

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த எம்.எச். 370 விமானம், பினாங்குத் தீவுக்குத் தெற்கே கடந்து சென்றதை ராணுவ ரேடார் பதிவு செய்தது. 2015 ஜனவரியில் அது விபத்து என்றும், அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவர் என்றும் அரசு அறிவித்தது. உறவினர்கள் அதோடு அடங்கிவிடவில்லை, மீண்டும் தேடுங்கள் என்று ஆண்டுதோறும் கேட்டார்கள். அப்படிக் கேட்க அவர்கள் கையில் ஒரு பிடிமானம் இருந்தது. அதுதான் பயணிகளின் பெயர்ப் பட்டியல். சயாமுக்குச் சென்ற ரயிலில் ஏற்றப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் குடும்பங்களிடம் கொடுக்கவில்லை. பெயர் இல்லாதவரைத் தேடச் சொல்லி யாரிடம் போய் மனுக் கொடுப்பது?

பினாங்குச் சீனர்கள் இதில் ஒரு பாடம் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானியரால் கொல்லப்பட்ட தங்கள் மக்களின் எலும்புகளைச் சேகரித்து, ஆயர் ஈத்தாமில் 1951-இல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். தமிழர்களுக்கு அது தாமதமாகவே வந்தது. 1944-இல் குவாய் ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஜப்பானியர் எழுப்பிய நினைவுத் தூணில் தமிழ் எழுத்து உண்டு, தமிழர் பெயர் இல்லை. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று நின்றது 2023-இல்தான்.

நடுகல் என்றாலே மாண்டவர் பெயரையும் பெருமையையும் எழுதும் கல் என்பது சங்க காலத்து வழக்கு. எழுத வேண்டிய பெயர்கள் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன. தந்தையைப் பறிகொடுத்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, செக்ரோல்கள் கரையானுக்குப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது இந்தப் பெரியவர்களின் ஞாபகம் மட்டுமே.

பெயர், ஊர், தோட்டம், போன ஆண்டு. இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க அரசாங்கம் வரவேண்டியதில்லை. பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். காணாமல் போனவரைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. அவர் இன்னார் மகன், இன்ன தோட்டத்திலிருந்து போனார் என்று பதிந்து வைக்க முடியும். எண்பது ஆண்டுக் காத்திருப்புக்கு அந்த ஒரு வரியாவது பதிலாக இருக்கட்டும்.