தக்பீருக்கும் பாத்திஹாவுக்கும் இடையே

தொழுகையைத் தொடங்குவோர் கைகளை உயர்த்தித் தக்பீர் கூறிய பின்னர், சூரத்துல் பாத்திஹாவை ஓதத் தொடங்குமுன், சிறிது நேரம் அமைதி நிலவுகின்றது. அவ்விடைவேளையில் மெல்லென ஓதப்படுவதே தொடக்கப் பிரார்த்தனை. அரபியில் இதனை இஸ்திஃப்தாஹ் என்பர். அடுத்து நிற்பவர் செவிக்கும் எட்டாத ஒன்று, பதினான்கு நூற்றாண்டுகளாகச் சொல் மாறாது எவ்வாறு வந்து சேர்ந்தது?

வினவியறிந்த ஒருவரால் அது வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) தக்பீருக்குப் பின் சற்றே அமைதியாயிருப்பதைக் கவனித்த அபூஹுரைரா (ரலி), அப்பொழுது தாங்கள் ஓதுவது யாது என்று கேட்டார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் இதனைப் பதிவு செய்துள்ளன. கிழக்கும் மேற்கும் போலப் பிழைகள் தம்மைவிட்டு அகலவேண்டும், வெள்ளாடை அழுக்கு நீங்குவதுபோல் உள்ளம் தூய்மை பெறவேண்டும், நீராலும் உறைபனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவப்படவேண்டும் என்பதே நபிகளார் அளித்த விடையின் கருத்து. அழுக்கைப் போக்க வெந்நீரன்றோ சிறந்தது, பனி எதற்கு என்று உரையாசிரியர்கள் வினா எழுப்பினர். ஹிஜ்ரி 388இல் மறைந்த கத்தாபி, பனியும் ஆலங்கட்டியும் மனிதர் கைபடாத நீர் என்று விளக்கினார். நயமான விளக்கந்தான்.

மற்றொரு வாசகம் அலி (ரலி) வாயிலாக வந்தது. நம்மவர் ‘வஜ்ஜஹ்து’ என்று அறிந்தது இதுவே. விண்மீனும் திங்களும் ஞாயிறும் மறையக் கண்டு, அவற்றைப் படைத்தவன்பால் முகத்தைத் திருப்பிய இப்ராஹீம் நபியின் கூற்றாகக் குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 79ஆம் வசனத்தில் வருவது இதன் முற்பகுதி. அவ்வத்தியாயத்தின் 162, 163ஆம் வசனங்களிலிருந்து அமைந்தது அடுத்த பகுதி. அங்கே ‘முஸ்லிம்களில் முதல்வன்’ என வரும் சொல்லை ஏனையோர் ‘முஸ்லிம்களில் ஒருவன்’ என மாற்றிக் கூறவேண்டுமென இமாம் ஷாபிஈ தமது ‘அல்உம்மு’ நூலில் எழுதினார். நபிக்குரிய முதன்மையைப் பிறர் தமக்கு உரிமையாக்கலாகாது என்னும் நுண்ணுணர்வு அதில் விளங்குகின்றது.

‘ஸுப்ஹானக’ எனத் தொடங்கும் மூன்றாவது வாசகத்தைப் பரப்பியவர் கலீபா உமர் (ரலி). மெல்ல ஓதவேண்டியதை, மக்கள் கற்றுக்கொள்ளும்பொருட்டு அவர் உரக்க ஓதினார். அதனைச் செவியுற்றோருள் கூபா நகரத்து அஸ்வத் என்பவரும் ஒருவர். அந்நகரில் வளர்ந்த ஹனபி மத்ஹபு இதனையே கைக்கொண்டமை வியப்பன்று. பக்தாதின் இமாம் அஹ்மதும் இதனையே தேர்ந்தார்; ஆயினும் நபிகளாரிடமிருந்து வந்த வேறெதனை ஒருவர் ஓதினும் நன்றே என்றார். இமாம் அபூஹனீபாவின் மாணாக்கர் அபூயூசுப், இரண்டையும் சேர்த்து ஓதுதலை விரும்பினார்.

மதீனாவிலோ நிலைமை வேறு. ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) காலமான இமாம் மாலிக், கடமையான தொழுகையில் இப்பிரார்த்தனையையே ஏற்கவில்லை. நபிகளாரும் அபூபக்கரும் உமரும் அல்ஹம்து கொண்டே தொழுகையைத் தொடங்கினர் என அனஸ் (ரலி) அறிவித்ததும், மதீனத்தாரின் வழக்கமும் அவர் தரப்புக்கு ஆதாரங்கள். அவ்வறிவிப்பு உரக்க ஓதப்படுவதை மட்டுமே குறிக்கின்றது என்பது மறுதரப்பார் விடை. மாலிக்கிடம் பாடங்கேட்டவரே ஷாபிஈ. ஆசிரியர்பால் பெருமதிப்புக் கொண்டிருந்தும், சான்று வேறுவழி காட்டியவிடத்து அவர் வேறுவழி சென்றார். அக்காலக் கல்வியின் மாண்பு இத்தகைய இடங்களிலேதான் புலனாகின்றது.

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலாரும் தமிழகக் கரையோர மரைக்காயர்களும் ஷாபிஈ வழியினர். ஆதலின் அவர்களிடையே வஜ்ஜஹ்து நிலைபெற்றது. தமிழகத்து இராவுத்தர்களும் கொழும்பு மேமன்களும் ஹனபிகள்; அவர்கள் ஓதுவது ஸுப்ஹானக. ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர நிற்பினும் உதடுகள் வெவ்வேறு சொற்களை உரைக்கும். ஜனாஸாத் தொழுகையிலோ வேறுபாடு இன்னும் கூடுதல். முதல் தக்பீரின்பின் ஹனபிகள் ஸுப்ஹானக ஓதுவர். அத்தொழுகை சுருக்கமாக அமையவேண்டியது என்பதால், ஷாபிஈகள் தொடக்கப் பிரார்த்தனையை விடுத்து நேரே பாத்திஹாவுக்குச் செல்வர்.