லைஷ்ராம் சரிதா தேவி

லைஷ்ராம் சரிதா தேவி மணிப்பூரைச் சேர்ந்த இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனை. 2006இல் 52 கிலோ எடைப்பிரிவில் உலகச் சாம்பியன் ஆனவர். ஆசியச் சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றவர். 2009இல் அர்ஜுனா விருது பெற்றார். இவ்வளவு இருந்தும், அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது வென்ற பதக்கம் எதுவும் அல்ல, 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் அவர் வாங்க மறுத்த வெண்கலம்தான். அந்த ஒரு நாள் அவருடைய மற்ற நாள்களையெல்லாம் மறைத்துவிட்டது. அதற்கு முன்பே பதின்மூன்று ஆண்டுகளாக அவர் நாட்டுக்காக ஆடிவந்தார் என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

லைஷ்ராம் என்பது குடும்பப் பெயர். மெய்தெய் மக்களின் வழக்கில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். செய்தித்தாள்கள் அதைச் சுருக்கி எல். சரிதா தேவி என்று எழுதுவதால், நம் ஊர்த் தலைப்பெழுத்தைப் போலவே தோன்றும்.

இளமை

மணிப்பூர்ப் பள்ளத்தாக்கில் உள்ள மயாங் இம்பாலில், 1980களில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் எட்டுப் பேரில் ஆறாமவர். விறகு பொறுக்குவதும் வயல்வேலையில் பெற்றோருக்குக் கைகொடுப்பதும் அன்றாடப் பாடு. தந்தையின் மறைவுக்குப் பிறகு குடும்பத்தின் நெருக்கடி கூடியது. பள்ளிப் படிப்பைத் தௌபல் பகுதியில் முடித்தார்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர்க்காரரான டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் 1982க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. மணிப்பூரின் சிறுவர் சிறுமியர் கையுறை மாட்டத் தொடங்கியதற்கு அந்த வெற்றி ஒரு பெரிய காரணம். விளையாட்டில் பெயர் எடுத்தால் காவல்துறையிலோ படையிலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். வேலைவாய்ப்பு அரிதான மாநிலத்தில் அந்த நம்பிக்கையின் எடையை வெளியார் எளிதில் உணரமாட்டார்கள். முகமது அலியின் சாதனைகளால் ஈர்க்கப்பட்ட சரிதா 2000ஆம் ஆண்டுவாக்கில் இந்த விளையாட்டுக்குள் வந்தார்.

அப்போது பெண்கள் குத்துச்சண்டைக்கு இந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பெண்களுக்கான முதல் தேசியப் போட்டியே 2001 பிப்ரவரியில்தான் நடந்தது. நடந்த இடம் சென்னை. முதல் உலகப் போட்டியும் அதே ஆண்டில்தான், அமெரிக்காவின் ஸ்கிராண்டனில். ஒலிம்பிக்கில் இடம் கிடையாது, ஆசிய விளையாட்டிலும் கிடையாது. முன்னால் எந்தப் பாதையும் தெரியாமல் இந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்த முதல் தலைமுறை அது. மேரி கோமும் சரிதாவும் அந்தத் தலைமுறையினர். ஒரே மாநிலம், ஒரே காலம்.

ஆசியாவிலும் உலகிலும்

2001இல் பாங்காக்கில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் வெள்ளி வென்றார். பன்னாட்டு அளவில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பதக்கம் இதுதான். பிறகு 2003இல் ஹிசார், 2005இல் காவோசியுங், 2008இல் குவாஹாட்டி, 2010இல் அஸ்தானா, 2012இல் உலான்பாட்டர் என்று தொடர்ந்து ஐந்து ஆசியத் தங்கங்கள். நடுவில் எடைப்பிரிவு மாறியும் இந்த வரிசை அறுபடவில்லை. ஆசியப் போட்டி என்றால் சீனா, இரு கொரியாக்கள், கஜகஸ்தான் ஆகிய நாடுகளின் வலுவான அணிகளைக் கடந்தாக வேண்டும். அங்கே ஒன்பது ஆண்டுகள் முதலிடத்தில் நின்றதுதான், என் கணிப்பில், சரிதாவின் பெரிய சாதனை.

உலகப் போட்டியில் 2005இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்கிலும் 2008இல் சீனாவின் நிங்போவிலும் வெண்கலம் பெற்றார். இவ்விரண்டுக்கும் நடுவே, 2006 நவம்பரில் புதுதில்லியில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் நான்கு தங்கம் வென்றார்கள். சரிதாவோடு மேரி கோம், மிசோரத்தின் ஜென்னி, கேரளத்தின் லேகா ஆகியோர் மற்ற மூவர். அவர்களில் மேரி கோமைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மணிப்பூர் அரசு 2005இல் அவருக்குக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணி வழங்கியது. பின்னர் துணைக் கண்காணிப்பாளராகப் பதவி உயர்ந்தார். முன்னாள் கால்பந்து வீரர் தோய்பா சிங்கை மணந்தார்.

எடை என்னும் சுவர்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டைக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. ஆனால் மூன்றே பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. ஆண்களுக்கோ பத்து. இந்த முடிவு எத்தனையோ வீராங்கனைகளின் வாழ்வைத் திருப்பிப் போட்டது. 46, 48 கிலோவில் உலகை வென்ற மேரி கோம் 51க்கு ஏறினார். 52 கிலோவில் உலகச் சாம்பியனான சரிதா 60க்குப் போனார்.

எட்டு கிலோ என்பது குத்துச்சண்டையில் சின்ன வேறுபாடு அல்ல. உயரமும் கை நீளமும் கூடிய எதிராளிகள் வருவார்கள். முன்பு எதிராளியைத் தடுமாறச் செய்த குத்து இப்போது அவரை அசைக்காமல் போகலாம். தசையை ஏற்றினால் வேகம் குறையும், வேகத்தைக் காத்தால் வலு போதாது. இதையெல்லாம் சரிக்கட்டி அவர் 2012இல் 60 கிலோவில் ஆசியத் தங்கமும் வென்றார். ஆனால் ஒலிம்பிக் இடத்தைத் தீர்மானித்தது சின்ஹுவாங்தாவ் நகரில் நடந்த உலகப் போட்டி. பெண்களுக்கு அந்த ஒரே தகுதிப் போட்டிதான். அங்கே சரிதா தோற்றார். அங்கே தகுதி பெற்ற மேரி கோம் லண்டனில் வெண்கலம் வென்றார்.

2013இல் சரிதா மகனைப் பெற்றார். பேறுகாலத்துக்குப் பிறகு உடல் எடையைக் குறைத்து, கைக்குழந்தையை வீட்டாரிடம் விட்டுவிட்டுத் தேசிய முகாமுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 60 கிலோ பிரிவில் வெள்ளி. இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஷெல்லி வாட்ஸ் வென்றார். காமன்வெல்த்தில் பெண்கள் குத்துச்சண்டை இடம்பெற்றது அதுவே முதல் முறை. இரண்டு மாதத்தில் இஞ்சியோன் வந்தது.

இஞ்சியோன், 2014

செப்டம்பர் 30 அன்று 60 கிலோ அரையிறுதி. எதிரே தென்கொரியாவின் பார்க் ஜினா, சொந்த மண்ணில் ஆடியவர். போகப் போகச் சரிதாவின் கை ஓங்கியது. அவருடைய குத்துகளில் பார்க் தள்ளாடினார். முடிவு 0-3. மூன்று நடுவர்களும் பார்க்குக்கே வெற்றி தந்தார்கள்.

அந்தத் தீர்ப்பு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள மதிப்பெண் முறையை அறிய வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தென்கொரியாவின் பார்க் சி ஹூனை விட இரண்டு மடங்குக்கும் மேல் குத்துகள் பதித்தும் 2-3 எனத் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அந்த அவமானத்துக்குப் பிறகு குத்துகளைப் பொத்தான் அழுத்தி எண்ணும் கணினி முறை வந்தது. அதிலும் குறை கண்டு, 2013இல் பத்து மதிப்பெண் முறைக்கு மாறினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேம்பட்டவருக்குப் பத்து, மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சுற்றை மயிரிழையில் வென்றாலும் 10-9, அடித்து நொறுக்கி வென்றாலும் நடுவர் பெரும்பாலும் 10-9தான் போடுவார். பெண்களுக்கு அப்போது இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. ஒரு சுற்றில் எதிராளியைத் திணறடித்த உழைப்புக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் கூடுதல். நெருக்கமான சுற்றுகள் நடுவரின் மனப்போக்கில் எதிராளி பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாம் கைநழுவிவிடும்.

முறையீடு செய்யவும் வழி குறுகலாக இருந்தது. 500 டாலர் கட்ட வேண்டும். அணியின் அதிகாரிகள் முன்வரவில்லை. கணவர் தோய்பா சிங் அங்கிருந்தவர்களிடம் பணம் திரட்டிக் கட்டினார். நடுவர்களின் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று சொல்லி அது தள்ளப்பட்டது. ஓர் ஆசியச் சாம்பியனுக்காகக் கணவர் அயல்நாட்டில் கைமாற்று வாங்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய அமைப்பு அப்போதுதான் உருவாகியிருந்தது. வீரர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிர்வாகம் தன் காலிலேயே நிற்க முடியாத காலம் அது.

மறுநாள் அக்டோபர் 1, பதக்கமளிப்பு. அழுதபடி மேடை ஏறிய சரிதா, பதக்கத்தைக் கழுத்தில் அணிவிக்க விடவில்லை. கையில் வாங்கி, பார்க் ஜினாவின் கழுத்தில் போட்டுவிட்டார். பார்க் திகைத்துப் போய் அதைத் திருப்பித் தர முயன்றார். சரிதா வாங்கவில்லை. பதக்கம் மேடையிலேயே கிடந்தது. இறுதியில் பார்க்கை வென்று தங்கம் பெற்றவர் சீனாவின் யின் ஜுன்ஹுவா. தோற்கடிக்கப்பட்டவரின் கோபம் தன் மேல் விழுந்த அந்தக் கொரியப் பெண்ணுக்காகவும் வருந்தத்தான் வேண்டும். தீர்ப்பு எழுதியவர் அவர் இல்லையே.

அதே நாளில் மேரி கோம் 51 கிலோவில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். மேரி கோமின் வாழ்க்கையைச் சொல்லும் இந்திப் படம் திரைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரே மாநிலத்துத் தோழியர் இருவரின் படங்கள் ஒரே நாளிதழில் அருகருகே, ஒருவர் சிரிப்போடும் ஒருவர் கண்ணீரோடும்.

இஞ்சியோன் தீர்ப்புகள் பற்றிக் குறை சொன்னது இந்தியா மட்டும் அல்ல. லண்டன் வெள்ளி வென்ற மங்கோலிய வீரர் துக்ஸ்சோக்ட் நியாம்பயார் தென்கொரிய வீரரிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டபோது மங்கோலியாவும் கொதித்தது.

தடை

சரிதா மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கழகமான ஐபா அவரை முதலில் இடைநீக்கம் செய்து, பின்னர் ஓராண்டுத் தடையும் 1,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. தடை 2014 அக்டோபர் 1இலிருந்து கணக்கிடப்பட்டது. அணியின் கியூபப் பயிற்சியாளர் பிளாஸ் இக்லெசியாஸ் பெர்னாண்டஸுக்கு இரண்டாண்டுத் தடை. சச்சின் டெண்டுல்கர் சரிதாவுக்கு ஆதரவாக விளையாட்டுத்துறை அமைச்சர் சர்பானந்த சோனோவாலிடம் பேசினார். பதிவேடுகளில் இஞ்சியோன் வெண்கலம் இன்றும் சரிதாவின் பெயரில்தான் உள்ளது.

பதக்க மேடையில் அவர் செய்தது விளையாட்டு மரபுக்கு மாறானதே, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐபாவின் பிந்தைய வரலாறு அவருடைய கண்ணீருக்குச் சான்று போல அமைந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மோசமான தீர்ப்புகள் குவிந்ததால், அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும் டோக்கியோவிலிருந்து விலக்கப்பட்டார்கள். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2019இல் ஐபாவை இடைநீக்கம் செய்தது. ரியோவில் முடிவுகள் முறைகேடாக மாற்றப்பட்டதை 2021இல் வெளியான மெக்லாரன் விசாரணை அறிக்கை உறுதிப்படுத்தியது. 2023இல் அந்த அமைப்பின் ஒலிம்பிக் அங்கீகாரமே பறிக்கப்பட்டது. அந்த விசாரணைகள் இஞ்சியோனின் அந்த அரையிறுதியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பின்னாள்

தடை முடிந்து திரும்பியவர் 2016 பிப்ரவரியில் தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றார். ரியோவுக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2017 ஜனவரி 29 அன்று இம்பாலில், சொந்த மக்கள் முன்னிலையில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கி ஹங்கேரியின் சோபியா பெடோவைத் தோற்கடித்தார். அதே ஆண்டில் அமெச்சூர் ஆட்டத்துக்குத் திரும்பி, ஹோ சி மின் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் 64 கிலோவில் வெண்கலம் பெற்றார். 2018 காமன்வெல்த்தில் காலிறுதியோடு வெளியேறினார். அந்த ஆண்டின் இறுதியில் புதுதில்லி உலகப் போட்டியில் அயர்லாந்தின் கெல்லி ஹாரிங்டனிடம் பிளவுத் தீர்ப்பில் தோற்றார். அந்த ஹாரிங்டன்தான் பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2019இல் பாங்காக்கில் சரிதாவுக்கு இன்னொரு ஆசிய வெண்கலம், எட்டாவது பதக்கம். முதல் பதக்கம் கிடைத்ததும் அதே ஊரில்தான், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்.

2019 அக்டோபரில் ரஷ்யாவின் உலான் உடேயில் ஐபா முதன்முறையாக வீரர்கள் ஆணையம் ஒன்றை அமைத்தது. அதற்கு ஆசியாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சரிதாவும் ஒருவர். மணிப்பூரில் தன் பெயரில் ஒரு பயிற்சிக்கழகம் நிறுவி, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தருகிறார்.