கடைவாயில் ஒரு பழைய நோய்

இருபது வயதளவில் தாடையின் கோடியில் ஞானப்பல் முளைக்குங்கால், முரசு வீங்கி, வாய் திறக்கவும் இயலாது வருந்துவோர் பலர். அறிவு முதிரும் பருவத்தில் வருவதாற் பெற்ற பெயரேயன்றி, ஞானத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எண்பது வயதைக் கடந்த மூதாட்டியருக்கும் இப்பல் பெருநோவுடன் முளைத்ததுண்டு எனக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் எழுதிவைத்தார்.

முரசின் வீக்கத்தைத் தனிநோயாகக் கண்டு பெயரிட்டது சுசுருத சங்கிதை. வாய்நோய்கள் 65 எனப் பகுக்கும் அந்நூல், பல்லடியில் தோன்றுவன 15 என்கிறது. அவற்றுள் ஒன்று அதிமாமிசம். தாடையின் கடைசிப் பல்லருகே பெருவீக்கமும் கடுநோவும் உண்டாகி உமிழ்நீர் வடியும்; காரணம் கபம் என்பது அதன் கூற்று. இன்றைய மருத்துவர் கபத்தை ஏற்பதில்லை. பாதி முளைத்த பல்லை மூடிய தசைமடலின் கீழ் உணவுத் துணுக்குகள் தங்கக் கிருமிகள் பெருகுவதே காரணம் என்பர். ஆயினும் நோயின் குறிகளைச் சுசுருதர் எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கிறார்!

நோயை அற்பமென்று விடலாகாது. கீழ்க்கடைவாய்ப் பற்களிலிருந்து நச்சு கழுத்தில் இறங்கி மூச்சையே அடைப்பதுண்டு. அத்தகைய கழுத்து வீக்கத்தை 1836இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விரித்துரைத்தார். பெனிசிலின் வருமுன் அதனால் இறந்தோர் பலர்.

சுசுருதர் கூறிய சிகிச்சையோ கத்தியில் தொடங்குகிறது. மிகுதசையை அறுத்து, வசம்பு முதலியவற்றின் பொடியைத் தேனுடன் இடவேண்டும். திப்பிலியையும் தேனையும் வாயில் அடக்கவேண்டும். பேய்ப்புடல், திரிபலை, வேம்பு ஆகியவற்றின் கஷாயத்தாற் கழுவவேண்டும். மடலை அறுக்கும் முறை இன்றும் வழக்கொழியவில்லை. ஆனால் அறுத்த தசை மீண்டும் வளர்வதுண்டு. ஆதலால் நோய் திரும்பத் திரும்ப வருமாயின் பல்லையே களைந்துவிடுகின்றனர்.