மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லதா? டெல்லி குழாய் நீரும் பி.எச். கணக்கும்

வேலைக்காக சாணக்யபுரிக்குக் குடிவந்து, வீட்டில் ஒரு சின்ன மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீரின் பி.எச். பார்த்தால் 8-ஐ ஒட்டி நிற்கிறது. 'மீனுக்கு 7 தான் சரி' என்கிறார் கடைக்காரர். உடனே சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றத் தோன்றும். பல தொட்டிகளில் சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான்.

முதலில், 8 என்பது ஆபத்தான எண் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையே 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் இந்தத் தண்ணீரில் ஜோராக இருக்கும். ஏஞ்சல் மீனின் பூர்வீகம் அமேசானின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீர்தான். ஆனால் நீங்கள் வாங்குவது பண்ணையில் பிறந்த மீன். மெதுவாகப் பழக்கினால் 7.5-க்கு மேலும் தாங்கும். டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

பி.எச். அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. (1909-ல் இதை உருவாக்கிய சோரன்சன் வேலை பார்த்தது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில்!) அதனால் 8-லிருந்து 7-க்கு ஒரே நாளில் இறக்குவது மீனுக்குச் சின்ன மாற்றமே இல்லை. எண் எது என்பதைவிட, அது நிலையாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

அதை நிலையாக வைத்திருப்பது கே.எச். எனப்படும் கார்பனேட் கடினத்தன்மை. இதை வங்கி இருப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தைச் சமன் செய்ய இந்த இருப்பிலிருந்துதான் தினமும் கொஞ்சம் செலவாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் இந்த இருப்பு ஏறக்குறைய காலி. சில வாரம் எல்லாம் நன்றாகப் போகும். பிறகு திடீரென்று பி.எச். 6-க்குச் சரியும். அந்த அளவில் பாக்டீரியாக்களும் வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும்.

ஆனாலும் மீன் சாகாது. அமில நீரில் அம்மோனியாவில் பெரும்பகுதி அதிகத் தீங்கில்லாத அம்மோனியமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரும், 'தொட்டி அழுக்கா இருக்கே' என்று பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு குழாய்த் தண்ணீரை ஊற்றுவீர்கள். பி.எச். ஒரேயடியாக ஏறும். 6-லிருந்து 8-க்குப் போனால், அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட 100 மடங்கு கூடும். திங்கட்கிழமை காலை மீன்கள் மிதக்கும். சுத்தம் செய்ததால்தான் செத்தது என்று தோன்றும். உண்மையில் சரிவு வாரக்கணக்கில் நடந்திருக்கிறது.

டெல்லியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாணக்யபுரிக்குத் தண்ணீர் விநியோகிப்பது புது டெல்லி மாநகராட்சி மன்றம், அதற்கு மொத்தமாகத் தருவது டெல்லி ஜல் போர்டு. குளிர்காலத்தில் யமுனையில் அம்மோனியா அளவு அடிக்கடி எகிறும். அது சுமார் 1 பி.பி.எம். தாண்டினால் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் உற்பத்தியையே குறைப்பார்கள். நீரில் அம்மோனியா இருக்கும்போது குளோரின் சேர்த்தால் குளோரமின் உருவாகும். சாதாரண குளோரினைப் போல, வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் இது போய்விடாது. வாட்டர் கண்டிஷனர் போட்டே ஆகவேண்டும், அதுவும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, என்ன பண்ணலாம்? குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகு பி.எச். பாருங்கள். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால்தான் உண்மையான எண் தெரியும். காகிதப் பட்டையைவிட சொட்டு மருந்து கிட் நம்பகமானது. கே.எச். கிட்டும் சேர்த்து வாங்குங்கள், அதுதான் நிஜமான எச்சரிக்கை மணி. 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும்.

பி.எச்.-ஐக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், குழாய் நீரும் ஆர்.ஓ. நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கே.எச். பாதியாகும். விகிதத்தை வாராவாரம் மாற்றாதீர்கள். 'பி.எச். டவுன்' பாட்டில் கடின நீரில் காசுக்குக் கேடு: இன்று இறங்கும், நாளை ஏறும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வதைக்கும். வாதாம் இலையும் மரத்துண்டும் தண்ணீருக்கு அழகான தேநீர் நிறம் தரும், கே.எச். அதிகமான நீரில் பி.எச்.-ஐ அசைக்காது.

கே.எச். குறைந்திருந்தால் சிப்பி ஓட்டுத் துண்டுகளை ஃபில்டரில் போடுங்கள். அவசரத்துக்கு ஆப்ப சோடாவும் உதவும், 50 லிட்டருக்கு 5 கிராம் என்பது சுமார் 3 டிகிரி கூட்டும். அதைக் கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே பி.எச். சரிந்த தொட்டி என்றால், சோடாவோ புதுத் தண்ணீரோ ஊற்றும் முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். இருந்தால் முதலில் கண்டிஷனர், இரண்டு நாள் தீனி நிறுத்தம், பிறகு தினமும் 10% தண்ணீர் மட்டும் மாற்றம்.